கெஸ்லர் தீர்ப்பு பற்றி ஒரு வார்த்தை

“நீதிபதின்னா நிலைக்கண்ணாடி மாதிரி. எதிர்ல வர்றதைக் காட்டணுமே தவிர, தனக்குன்னு ஒரு முகம் வெச்சுக்கக் கூடாது,” என்றார் லேண்டன் விட்காம்ப்.

“கண்ணாடி டையைக் கோணலா கட்டியிருக்கு. இப்படித் திரும்பு,” என்றார் அவருடைய அம்மா வெர்னா.

வாஷிங்டனில், செனட் கட்டடத்தின் பின்னறை. இன்னும் பத்து நிமிடத்தில் விசாரணை. செனட்டர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டால், ஆயுள் முழுக்க உச்ச நீதிமன்ற நாற்காலி. வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடுவது எப்படி என்று மூன்று வாரமாகப் பயிற்சி கொடுத்துவந்தார் கோரி என்ற வக்கீல்.

“கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம் சார். கெஸ்லர் தீர்ப்பு சரியா, தப்பா?”

பெண்களின் வேலை உரிமை பற்றிய அந்தப் பழைய தீர்ப்பைப் பாதி நாடு கும்பிடுகிறது. மீதி நாடு அதற்குக் குழி தோண்டி வைத்துக் காத்திருக்கிறது.

“முக்கியமான தீர்ப்பு. ஆனா நாளைக்கு அதே விஷயம் என் முன்னால வரலாம். இப்ப நான் கருத்துச் சொல்றது முறையில்லை.”

“அருமை. கண்கூட இமைக்கல.”

“சரின்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடா குறைஞ்சிடும்?” என்றார் வெர்னா.

“மூணு ஓட்டு குறையும், மேடம்,” என்றார் கோரி.

வெர்னா அவர் பக்கம் திரும்பவில்லை. “எனக்குச் சொல்லு. அது தப்புன்னா நினைக்கிறே?”

“அம்மா, நாளைக்கு என் முன்னால வரலாம்னு சொன்னேனே.”

“நாளைக்கு என்ன, இப்பவே உன் முன்னாலதான் நிக்குது.”

கோரி கடிகாரத்தைப் பார்த்தார். “மேடம், சாருக்குப் பின்னால முதல் வரிசை உங்களுக்கு. கேமராவுல நல்லா தெரிவீங்க. லேசா சிரிச்சுக்கிட்டே இருங்க.”

“எதுக்கு?”

“சாருக்கு அம்மா இருக்காங்கன்னு ஜனங்களுக்குத் தெரியணும்.”

விசாரணையில் செனட்டர் பெட்டிக்ரூ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“கெஸ்லர் தீர்ப்பைப் படிச்சிருக்கீங்களா, நீதிபதி?”

“ஆழ்ந்து படிச்சிருக்கேன், செனட்டர்.”

“சரியான தீர்ப்பா?”

“நாளைக்கு என் முன்னால வரலாம்.”

“போகட்டும். வழக்குப் போட்ட அந்தக் கெஸ்லர் அம்மாவுக்கு நடந்தது அநியாயம்னாவது ஒத்துக்கறீங்களா?”

அவருக்குப் பின்னால், முதல் வரிசையில் வெர்னா சற்று முன்னால் சாய்ந்தார்.

“தனிப்பட்ட ஒருத்தரைப் பத்திப் பேசினா, அவங்க பக்கம் சாய்ஞ்ச மாதிரி ஆயிடும், செனட்டர்.”

“வழக்கு நடந்தப்ப உங்களுக்கு என்ன வயசு? அதையாவது சொல்லலாமா?”

லேண்டன் நிதானமாக ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். “வயசைச் சொன்னாலும் ஏதோ ஒரு பக்கம் சாய்ஞ்ச மாதிரிதான் ஆகும்.”

சபை சிரித்தது. நிருபர்கள் ‘அசைக்க முடியாத நடுநிலை’ என்று எழுதிக்கொண்டார்கள். வெர்னா மறுபடி சாய்ந்து உட்கார்ந்து, சொன்னபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் தாழ்வாரத்தில் கோரி ஓடிவந்தார். “குழுவுல இருபத்திரண்டு பேர்ல பன்னிரண்டு ஓட்டு நிச்சயம் சார். நாற்காலி உங்களுக்குத்தான்.”

லேண்டன் அம்மாவிடம் வந்தார். “எப்படிம்மா பேசினேன்?”

“சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வாய் வலிக்குது,” என்ற வெர்னா, கைப்பையை எடுத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தார்.

கெஸ்லர் என்பது வெர்னாவின் முதல் கணவர் பெயர், விட்காம்ப் இரண்டாமவர் பெயர்; வயிறு வெளியே தெரிகிறது என்று பள்ளிக்கூடம் வேலையைவிட்டு அனுப்பிய ஆசிரியை அவர்தான். அந்த வயிற்றில் இருந்தவர் லேண்டன்.