வியாசர்பாடி வசவு

விண்வெளித் திகில் நாவல்களை இயந்திரம்தான் எழுதியது. ஆனால் அதற்கு மனசாரத் திட்டத் தெரியாது. அதனால் பதிப்பகம் வியாசர்பாடியில் தெய்வானையின் அடுக்களைச் சுவரில் ஒரு மைக்கை மாட்டிவைத்திருந்தது. அவளும் கணவர் ஏகாம்பரமும் சண்டையில் கொட்டும் வசவெல்லாம், பூதத்திடம் சிக்கிய விண்வெளி வீரர்களின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசகர்கள் நடுங்கினார்கள்.

ஏகாம்பரம் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒரு நாவல் வந்தது. பதிப்பகத்துப் பெண் போன் செய்தாள்.

"என்னக்கா ஆச்சு? படிக்கிறவங்க பயப்படாம சிரிக்கிறாங்க. இப்படியே போனா மைக்க வேற வீட்ல மாட்டிடுவாங்க."

தெய்வானைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க எப்பவும் போலதாம்மா திட்டிக்கிறோம். காலைலகூட இந்தாள நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேனே!"

ஏகாம்பரம் நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தார். கதவைப் பிய்த்துக்கொண்டு பூதம் கலத்துக்குள் நுழைகிறது. அதன் எட்டு வாயிலும் ரத்தம். கேப்டன் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, தொண்டை கிழியக் கத்துகிறாள்:

"யோவ் சனியனே, எங்கய்யா போய்த் தொலஞ்ச? மாத்திர போட்டியா?"