லாயிட் வரைந்த முகம்

லாயிட் புரோகிராமர். மனைவி லீனாவின் முகத்தைப் போட்டோ எதுவும் இல்லாமல், தொள்ளாயிரம் வரி கோடிங் எழுதியே திரையில் வரைந்திருந்தான். "கண்ணு மட்டும் இன்னும் சரியா வரல" என்பான். ஜூனில் பெங்களூர் வைட்ஃபீல்ட் ரோட்டில் விபத்தில் இறந்துபோனான்.

லிங்கராஜபுரம் வீட்டில் லீனா தினமும் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் அந்தப் புரோகிராமை ஓடவிடுவாள். இன்று திரையிலிருந்த முகம் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது. லீனா முதன்முதலாகக் கண்ணாடி வாங்கியதே நேற்றுதான்.

லாயிடோடு வேலை பார்த்த மஞ்சுநாத் வந்து கோடிங் முழுவதையும் படித்தான். "சிஸ்டர், இதுல கண்ணாடிக்குன்னு ஒரு வரிகூட இல்ல. ஜூனுக்கப்புறம் யாரும் தொடவும் இல்ல."

லீனா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டாள். முகம் மெல்ல எழுந்தது. கண்ணாடி இல்லை. கண்கள் இம்முறை சரியாக வந்திருந்தன. இரண்டும் அழுது சிவந்திருந்தன.