சகலையைக் காணோம்

வளைவில் சகலையைக் காணோம். சின்ன மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

துருப்பிடித்துக் கிடந்த இன்னொரு பழைய நீராவி எஞ்சினையும் புதுப்பித்து, இன்று முதல் தடவையாக மலையேற்றுகிறார்கள். அது வளைவில் திரும்பும்போது யார் எடுக்கும் படம் நன்றாக அமைகிறதோ, அதுதான் மலை ரயில் காலண்டருக்கு அட்டை.

வருஷா வருஷம் அந்த அட்டை பெரிய மாப்பிள்ளையான சகலைக்குத்தான் போகும். மாமனார் அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவார். அதற்கு எதிரே உட்கார்ந்தால் சின்ன மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்காது. போதாக்குறைக்கு அவன் மனைவியே, "அத்தான் எடுத்தா புகைகூட அழகா நிக்குது" என்பாள்.

புகை சும்மாவா வரும்? வளைவுக்குச் சற்று முன்னால் அடுப்பில் கரியை அள்ளிப் போட்டால்தான் வரும். சகலை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஷெட்டுக்குப் போய், கரி அள்ளிக் கொடுத்து, எஞ்சினைத் துடைத்துக் கொடுத்து, எல்லோரையும் கைக்குள் போட்டு வைத்திருக்கிறார் என்பது இவன் கணக்கு.

மனைவிக்குப் போன் போட்டான். அத்தான் விடியும் முன்பே கேமராவோடு கிளம்பிவிட்டதாக அக்கா சொன்னாளாம்.

"வழியில வண்டி கிண்டி நின்னிருக்கும். நல்லா நிக்கட்டும்" என்றான்.

விசில் கேட்டது. எஞ்சின் வளைவில் திரும்பியதும் மலையே மறைகிற மாதிரி புகை எழுந்தது. படபடவென்று எடுத்துத் தள்ளினான். எஞ்சினிலிருந்து கரி அப்பிய முகம் ஒன்று எட்டிப் பார்த்துக் கையை ஆட்டியது. கரி போடுகிறவனுக்கும் படத்தில் விழ ஆசை பார் என்று முனகிக்கொண்டான்.

அந்த வருஷ அட்டை சின்ன மாப்பிள்ளைக்கே கிடைத்தது. மாமனார் ஹாலில் பழைய படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது சகலைதான்.

"என்ன சகல, அன்னிக்கு ஆளையே காணோம்? வண்டி மக்கர் பண்ணிடுச்சா?"

சகலை சிரித்துக்கொண்டே ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார்.

மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். "இந்தக் கரி மூஞ்சி நம்ம பெரிய மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சகலைக்குக் கூச்சமாகிவிட்டது.

"கரி போடுறவருக்குத் திடீர்னு காய்ச்சல், மாமா. ரயிலையே நிறுத்தப் பார்த்தாங்க. சகல வளைவுல காத்துக்கிட்டு இருப்பாரேன்னு நான் ஏறிட்டேன்" என்றவர், சின்ன மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "கையக்கூட ஆட்டினேன். நீங்கதான் கவனிக்கல."