கழுவிய தண்ணீர்

ஜெயிலிலிருந்து வந்த மாடக்கண்ணு ஞானஸ்நானம் எடுக்கப்போகிறான் என்று சாராள் கேள்விப்பட்டாள். வரப்புத் தகராறில் அவள் புருஷனை அரிவாளால் வெட்டிக் கொன்றவன் அவன். அவளும் அந்தச் சபையில்தான் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

பாஸ்டர் அவனைத் தொட்டித் தண்ணீரில் முழுக்கியெடுத்து, பவுல் என்று பெயர் வைத்தார். வெள்ளை அங்கியில் நீர் சொட்ட வெளியே வந்தவனைக் காட்டி, "இவர நம்ம சபையில ஒருத்தரா ஏத்துக்கிடுறவங்க எந்திரிங்க" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். சாராளும் எழுந்து தொட்டியருகே போனாள்.

"இவன் பாவமெல்லாம் போயிட்டா, பாஸ்டரய்யா?"

"போயிட்டும்மா. கர்த்தர் கழுவிட்டாரு."

"எங்க வச்சுக் கழுவுனாரு? இந்தத் தண்ணியிலயா?"

சாராள் திருவிருந்து மேசையிலிருந்த பெரிய கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் மொண்டாள். அதை மாடக்கண்ணுவிடம் நீட்டினாள்.

"இதுலதான் எம் புருஷன் ரத்தம் கெடக்கு. அத இங்க விட்டுட்டு நீ சும்மா வீட்டுக்குப் போவக்கூடாது. குடி."

"சாராளு, வேண்டாம்மா" என்றார் பாஸ்டர்.

மாடக்கண்ணு அவரைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கி, கண்களை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தான். பிறகு குனிந்து அவள் காலைத் தொடப்போனான்.

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி மறுபடியும் மொண்டாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.