ஓடவே ஓடாத வண்டி

"கைய எடு! கைய எடு! ரேகை பதியும்!"

பதறாதீங்க, நான் எதையும் திருடல. அக்கா வீட்டுக்காரரோட கார் மேல தெரியாம கை வெச்சுட்டேன், அவ்ளோதான்.

எங்க மாமாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனில வேலை. மோதின வண்டியப் போய்ப் பாத்து, என்னென்ன உடைஞ்சுதுன்னு எழுதிட்டு வருவார். நசுங்கின காரா பாத்துப் பாத்து, வேகம் நாப்பதத் தாண்டினாலே மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டும். அவர் வண்டி ஓட்டினா பின்னாடி வர்ற சைக்கிள்காரன் மணியடிச்சு வழி கேப்பான்.

அப்படிப்பட்டவர் வாங்கினது என்ன தெரியுமா? ரேஸ் கார் மாதிரி ஒரு வண்டி. செக்கச்செவேல்னு. ஸ்டார்ட் பண்ணா எதிர்வீட்டு மாடில காயுற துணி ஆடும்.

வாங்கி? ஷெட்ல நிறுத்தி உறை மாட்டிட்டார்.

"இது வண்டி இல்லடா, சொத்து!" மூக்குக் கண்ணாடிய மேல தள்ளிட்டு, குரலக் குழைச்சு ஆரம்பிப்பார். "இனிமே எல்லாம் பேட்டரி வண்டி. சத்தமே வராது. கையால கியர் போடுற கடைசி வண்டிங்கள்ல இது ஒண்ணு. இருபது வருஷம் கழிச்சுப் பாரு, வீடு தேடி வருவாங்க."

அக்காவக்கூட உட்கார விடமாட்டார். "சீட் கசங்கும்."

எனக்கு வயித்தெரிச்சலா இருக்காதா? அக்கா யாரு? பேஸ்ட் டியூப கத்தரிக்கோலால வெட்டி வழிச்செடுக்கிறவ. ஒரு பிறந்த நாளுக்கு மாமா நல்ல கைக்கடிகாரம் ஒண்ணு வாங்கிக் குடுத்தார். மறுநாளே அதக் கடையில திருப்பிக் குடுத்துட்டு, குக்கரோட வந்து நின்னா. "எனக்கெதுக்கு அதெல்லாம்?"

இவ இப்படி. அவர் அங்க இரும்புக்கு சட்டை போட்டு வளக்கிறார்!

நான் பழைய கார் வாங்கி விக்கிறவன். சும்மா இருப்பேனா? அக்கா கையில நாலு காசு சேரட்டுமேன்னு, அபூர்வமான காரா தேடித் தேடி சேத்து வெக்கிற பெரியவர் ஒருத்தரக் கூட்டிட்டு வந்துட்டேன்.

பெரியவர் மோப்பம் பிடிக்கிற மாதிரி வண்டியச் சுத்தி வந்தார்.

"ம்ஹும். இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் பின்னால மவுசு வராது தம்பி. பாதி கம்ப்யூட்டர். நாளைக்கு ஒரு சிப்பு போனா இது வெறும் அலமாரி."

"அலமாரியா!" மாமாவுக்கு மூக்கு வெடச்சுடுச்சு. "இந்த உறுமல் எந்த அலமாரில வரும்?"

"சரி, உறுமலுக்காக வாங்குவான்னே வெச்சுக்குவோம். ஆனா ஓடாம இருந்தாத்தான் விலை."

"ஓடவே இல்லைங்க!" நான் நெஞ்ச நிமித்தினேன். "பேட்டரி செத்துடக் கூடாதுன்னு ஞாயித்துக்கிழமை பெட்ரோல் பங்க் வரைக்கும் போகும். அவ்ளோதான்!"

"அப்ப கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன். சாவி?"

சாவி சமையலறை ஆணில தொங்கும். எடுக்கப் போனேன். அக்கா என் சட்டையப் பிடிச்சு இழுத்தா. முகம் வெளுத்துப் போயிருந்துச்சு.

"டேய், அவர மீட்டரப் பாக்க விடாதே!"

"ஏன்?"

"மாமா ஆபீஸ் கிளம்பினதும்... நான் ஒரு ரவுண்டு..."

"நீயா? அந்த வண்டியவா?"

"ஊருக்கு வெளிய புது ரோடு போட்டிருக்கான்ல?" சொல்லும்போதே அவ கண்ணு ரெண்டும் ஹெட்லைட் மாதிரி எரியுது. "நாலாவது கியர்ல ஒரு உறுமல் உறுமும் பாரு! ஆளையே பின்னாடி தள்ளும்டா!" உடனே குரல் இறங்கிடுச்சு. "வித்துடாதேடா. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"பெட்ரோல் குறையுமே, மாமா கேக்கலையா?"

"பாவம்டா. ஞாயித்துக்கிழமை அவரே நிரப்பிட்டு வந்துடுவாரு. எதையும் கவனிக்க மாட்டாரு. அப்பாவி."

தெருமுனையில நிக்கிற கார்ல மயிரிழை கீறல இங்கேருந்தே காட்டுற மனுஷன் அப்பாவியா? யோசிக்க எங்க நேரம்?

"தம்பி, சாவி!"

குடுத்தேன். பெரியவர் திருகினார். மீட்டர் எரிஞ்சுது. அவர் முகம் அணைஞ்சுது.

"என்னங்க இது! இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு!"

கதவுகிட்ட அக்கா கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. மாமா மெதுவா குனிஞ்சார். மூக்குக் கண்ணாடியக் கழட்டி, துடைச்சு, மாட்டிப் பாத்தார்.

"மீட்டர் ரிப்பேர்."

"டயர் நாலும் புதுசா மாத்தியிருக்கே?"

"பழைய டயரும் ரிப்பேர்."

"சீட்ட இவ்ளோ முன்னாடி இழுத்து விட்டிருக்கு. உங்க கால் இதுக்குள்ள நுழையவே நுழையாதே!"

"காலும் ரிப்பேர்ங்க."

பெரியவர் தலையில அடிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார். அக்கா பெருமூச்சு விட்டுட்டு உள்ள ஓடினா.

நான் மாமாவ மடக்கினேன். "உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"மெதுவா பேசுடா!" சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. "உனக்கு அறிவிருக்கா? வாங்கறவன வீட்டுக்கே கூட்டிட்டு வர்றே! எனக்கு உயிரே போயிடுச்சு."

"அப்ப அந்த இருபது வருஷம், சொத்து, வீடு தேடி வருவாங்க..."

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். டாக்ஸில போறப்ப உங்கக்கா கால் பாத்திருக்கியா? டிரைவர விட அதுதான்டா ஜாஸ்தி ஆக்சிலரேட்டர் மிதிக்கும்! நானா இத ஓட்டப் போறேன்? ஞாயித்துக்கிழமை பங்க் வரைக்கும் நகத்திட்டுப் போறதுக்குள்ள சட்டையே நனைஞ்சுடுது."

"அத அவகிட்ட சொல்லியே குடுத்திருக்கலாமே மாமா! எதுக்கு இந்தத் திருட்டு ஓட்டம்?"

மாமா உறைய உதறி வண்டி மேல போத்திக்கிட்டே சொன்னார்:

"'உனக்குத்தான்'னு சொல்லியிருந்தா, இந்நேரம் இந்த ஷெட்டு பூரா குக்கரா இருந்திருக்கும்டா!"