அறுபத்துநாலாவது ஓட்டு

தொகுதி எத்தனையோ தடவை கட்சி மாறியிருக்கிறது. கேரள மலையோரத்து வித்துராவுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட் பூத் மட்டும் மாறவில்லை: தேர்தலுக்குத் தேர்தல் நூறு சதவீத ஓட்டு. முப்பது வருஷமாக அங்கே கட்சி ஏஜெண்டாக உட்காரும் பூதலிங்கம், யார் ஜெயித்தார், யார் மண்ணைக் கவ்வினார் என்பதை நோட்டில் ஒரு பக்கமும், தம் பூத்தின் நூறை எதிர்ப்பக்கமும் எழுதி வைத்திருந்தார். சந்தையில் யார் சிக்கினாலும் எதிர்ப்பக்கத்தைத்தான் காட்டுவார்.

இந்தத் தடவை பட்டியலில் அறுபத்துநாலு பேர். கடைசிப் பெயர் அவர் மனைவி பகவதியம்மாள். "எலெக்ஷன் களிஞ்சிட்டுப் போனாப் போதும் எனக்கு" என்று படுக்கையில் கிடந்து சொல்லிக்கொண்டிருந்தவள், பதினொரு நாள் முந்திப் போய்விட்டாள்.

மற்ற அறுபத்துமூன்று பேரும் வந்து ஓட்டுப் போட்டார்கள். ஆறு மணிக்கு அதிகாரி ஸ்வப்னா மெஷினில் மொத்தம் பார்த்தாள்.

"சாரே, ரெஜிஸ்டர்ல அறுபத்துமூணு கையெழுத்து. மெஷின்ல அறுபத்துநாலு. இதெங்ஙன?"

"இன்னொருக்க பாரு மோளே" என்றார் பூதலிங்கம்.

மூன்று தடவை பார்த்தாள். அறுபத்துநாலுதான்.

பூதலிங்கம் வீட்டுக்கு வந்து, மாலை போட்ட படத்தின் முன் நின்றார். படத்தில் நாற்காலிக் கைப்பிடியில் பகவதியம்மாளின் இடது கை. ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டி ஒரு மைக்கோடு. துண்டால் துடைத்தார். கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றார். நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, நோட்டின் எதிர்ப்பக்கத்தில் நூறு என்று எழுதினார்.

படத்துக்குள் மை இன்னும் காயவில்லை.