சிவப்புப் பொட்டு

அப்பா ஓட்டிய பைக் மாடலையே புதிதாக விட்டிருக்கிறார்கள். கலர் பார்க்க, வரவே மாட்டேன் என்ற அண்ணனை இழுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். வாசலில் அழகுக்காக ஒரு பழைய வண்டி நின்றது. டேங்கின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. கீறலை மறைக்கச் சின்ன வயதில் நான் வைத்த நகப்பாலிஷ். திருடு போய்விட்டதென்று காலேஜிலிருந்து அண்ணன் அழுதுகொண்டே வந்து சொன்ன அப்பாவின் வண்டி. அதற்காக அப்பா சாகும்வரை போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

“எங்க முதலாளி, காலேஜ்ல கூடப் படிச்சவர்கிட்ட வாங்கினதாம் மேடம்,” என்றார் விற்பனையாளர்.

அண்ணன் கலர் அட்டையிலிருந்து தலை நிமிரவில்லை. “கறுப்பு எடுத்துக்கோ பாப்பா. அழுக்கு தெரியாது.”

நான் பொட்டின்மேல் விரலை வைத்தேன்.

“இந்தச் சிவப்புதான் வேணும். அம்மாகிட்ட நீயே ஓட்டிட்டு வந்து காட்டுண்ணா.”